பட்காம் அறிக்கையை நாட்டின் முன் வையுங்கள்

பட்காம் விசாரணை அறிக்கையை இந்திய அரசு வெளியிட வேண்டும். ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இளமையைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன். எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் இன்றும் சீருடையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் கேட்கிறேன்.

2019 பிப்ரவரி மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 14ஆம் தேதி புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்டார்கள். 26ஆம் தேதி விடிவதற்குள் நம் விமானங்கள் பாலகோட்டைத் தாக்கின. மறுநாள் காலை பாகிஸ்தான் விமானங்கள் பதிலடிக்கு வந்தன. நம் விமானி அபிநந்தன் பிடிபட்டதும் விடுதலையானதும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. அதே காலையில் ஸ்ரீநகர் விமானதளத்திலிருந்து கிளம்பிய எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர் ஒன்று பட்காம் மாவட்டத்தில் கரேந்த் கலான் கிராமத்தருகே தீப்பிடித்து விழுந்தது. அதில் இருந்த ஆறு விமானப்படையினரும் இறந்தார்கள். கீழே தன் ஊரில் இருந்த ஒருவரும் இறந்தார். ஹெலிகாப்டரை வீழ்த்தியது நம் தளத்திலிருந்தே போன ‘ஸ்பைடர்’ ஏவுகணை.

இதை அரசுத் தரப்பில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அக்டோபர் 4ஆம் தேதி. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த விமானப்படைத் தளபதி பதௌரியா, அது நம் ஏவுகணைதான், பெரிய தவறு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. நடுவே ஒரு பொதுத்தேர்தலும் நடந்து முடிந்தது. 2023-இல் ஸ்ரீநகர் தளத்தில் பொறுப்பிலிருந்த குரூப் கேப்டன் ஒருவரைப் பணிநீக்கம் செய்ய ராணுவ நீதிமன்றம் பரிந்துரைத்தது. நாட்டுக்குத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றதெல்லாம் பத்திரிகையாளர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்தவை.

அப்படிச் சேர்த்தவற்றில் இரண்டு விஷயங்கள் என்னை விடாமல் துரத்துகின்றன. ஒன்று, ஹெலிகாப்டரின் ‘ஐ.எஃப்.எஃப்.’ கருவி இயங்கவில்லை என்பது. தரையிலிருந்து ஒரு சமிக்ஞை ‘யார் நீ’ என்று கேட்கும். வானில் இருக்கும் விமானம் அன்றைய குறியீட்டைத் தானாகவே பதிலாக அனுப்பும். பதில் வந்தால் நம்மவர். அந்தக் கருவி அணைந்திருந்தால், திரையில் பார்ப்பவனுக்கு அது வெறும் புள்ளி. இரண்டாவது, ஹெலிகாப்டரில் இருந்தவர்களுக்கும் தரையில் இருந்தவர்களுக்கும் இடையே செய்தித் தொடர்பு சரியாக இல்லை என்பது. சொந்தத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் அது. எங்கே பறக்கிறது என்று அந்தத் தளத்தில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் ஏவுகணைப் பிரிவிடம் சொன்னாரா? சொல்ல வழி இருந்ததா? கருவியை எப்போது அணைக்கலாம், எப்போது கூடாது என்ற உத்தரவு எழுத்தில் இருந்ததா? இருந்தால் எத்தனை உத்தரவுகள், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போயினவா? அறிக்கையைப் படித்தால் இவற்றுக்கெல்லாம் பதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கேள்விகள் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் பிரிவில் ஒரு செய்தி கைமாறும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஜபல்பூரில் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து மண்டையில் ஏற்றியது இது. செய்தியை எழுதித் தருபவரின் கையெழுத்து இல்லாமல் ஃபார்மை வாங்கக் கூடாது. தேதியும் நேரமும் சேர்த்து ஆறு இலக்க எண் இருக்க வேண்டும். அவசரத்தின் தரம் இருக்க வேண்டும்: ஃபிளாஷ், ஆப் இம்மீடியட், பிரையாரிட்டி, ரொட்டீன். எத்தனை மணிக்கு வாங்கினாய், எத்தனை மணிக்கு யாரிடம் கொடுத்தாய் என்பது லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். வயர்லெஸ்ஸில் முக்கியமான உத்தரவு வந்தால் கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும். கரகரப்பில் ஒரு சொல் விட்டுப்போனாலும் எதிர்முனையில் இருப்பவர் ஜெனரலே ஆனாலும் ‘ஸே அகெய்ன்’ என்று சாதாரண சிப்பாய் கேட்கலாம். கேட்டாக வேண்டும். கேட்காமல் ஊகித்து எழுதியவனுக்குத்தான் தண்டனை. பட்டாளத்தில் மேலே இருப்பவரைக் கீழே இருப்பவன் தடுத்து நிறுத்தி, ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கத் தயங்கவே தேவையில்லாத இடம் எங்களுடையது. அந்த ஒழுங்கு எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. நடக்காத விபத்துக்குக் கோப்பு கிடையாதே.

இந்த ஒழுங்கு கீழ்மட்டத்தில் இருந்தும் மேல்மட்டத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1962.

அந்த அக்டோபரில் வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஓடையோரம் பிரிகேடியர் ஜான் தால்வியின் 7ஆவது பிரிகேடு குளிர்கால உடை, குண்டுகள் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாட்டோடு நின்றுகொண்டிருந்தது. எதிரே தக்லா மேட்டில் சீனப் படை. 10ஆம் தேதி மோதலில் நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துபோனது. 11ஆம் தேதி இரவு டெல்லியில் கூட்டம் நடந்தது. சீனரை விரட்டும் திட்டத்தைத் தள்ளிவைத்து, இருக்கும் இடத்தைக் காப்பது என்ற முடிவோடு கலைந்தது. மறுநாள் இலங்கைக்குப் புறப்பட்ட பிரதமர் நேரு, நம் மண்ணை விடுவிக்கும்படி படைக்கு உத்தரவு கொடுத்தாயிற்று என்ற பொருளில் விமானநிலையத்தில் நிருபர்களிடம் சொன்னார். இரவில் ஒரு முடிவு, பகலில் வேறொரு பேச்சு. ஓடையோரம் நின்ற சிப்பாய் எதை நம்புவான்? சீனர்கள் எதை நம்பினார்கள் என்பது 20ஆம் தேதி விடியற்காலையில் தெரிந்தது. அந்தப் போர்முனைக்குத் தளபதியான லெஃப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல் அப்போது உடல்நலம் கெட்டு, டெல்லியில் தன் வீட்டுக் கட்டிலில் இருந்தபடியே தொலைபேசியில் உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். தால்வி சிறைப்பட்டார். பிரிகேடு அழிந்தது.

அதைவிட என்னை உலுக்குவது நவம்பர் 17ஆம் தேதி இரவு. தவாங் கைவிட்டுப் போன பிறகு சேலா கணவாயில் பிரிகேடியர் ஹோஷியார் சிங்கின் 62ஆவது பிரிகேடு வலுவாக நின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய நாலாயிரம் மீட்டருக்கு மேல், நெஞ்சை நிமிர்த்தி நின்று தடுக்கத் தோதான இடம். அவர்களுக்குப் பின்னால் திராங்கில் டிவிஷன் தலைமையகம், மேஜர் ஜெனரல் ஏ.எஸ். பட்டானியா. சீனர்கள் மலைத் தடங்கள் வழியே சுற்றி வந்து பின்பக்கச் சாலையை வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும், சேலாவைக் கைவிட அனுமதி கேட்டுப் பட்டானியா தேஜ்பூருக்குப் பேசினார். தேஜ்பூரில் கோர் தளபதி கௌல் இல்லை. வலோங் முனையைப் பார்க்கப் போயிருந்தார். ஆனால் ராணுவத் தலைமைத் தளபதி தாப்பர் அங்கே இருந்தார். கிழக்கு மண்டலத் தளபதி எல்.பி. சென் அங்கே இருந்தார். இருவரும் கௌல் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

மாலை போய் கௌல் வந்தார். பின்வாங்கலாம் என்று ஓர் உத்தரவு தயாரானது. பிறகு அது மாறியது. முடிந்தவரை இருக்கும் இடத்திலேயே நில்லுங்கள், தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் பின்வாங்கும் அதிகாரத்தை உங்களுக்கே தருகிறேன் என்ற மாதிரி ஒன்று போனது. செய்தி வாங்கும் இடத்தில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் சொல்கிறேன், இப்படி ஒரு வாசகம் கைக்கு வந்தால் அதில் உத்தரவு எது என்று தேட வேண்டியிருக்கும். நில் என்பதும் அதில் இருக்கிறது, போ என்பதும் இருக்கிறது. எழுதியவர் நாளை எந்தப் பக்கமும் சாய்ந்துகொள்ளலாம். வாங்கியவருக்குச் சாய இடமில்லை. விடிவதற்குள் சேலா கலையத் தொடங்கியது. 18ஆம் தேதி காலை திராங்கிலிருந்து டிவிஷன் தலைமையகமே கிளம்பிவிட்டது. அன்றே பொம்டிலாவில் இருந்த கொஞ்சம் படையிலும் ஒரு பகுதியைத் திராங் நோக்கி அனுப்பச் சொல்லி, பிரிகேடியர் மறுத்தும் கேட்காமல், கௌல் உத்தரவிட்டார். அவர்கள் அரணை விட்டு வெளியேறிய சற்று நேரத்தில் சீனர்கள் தாக்கினார்கள். ஹோஷியார் சிங் பின்வாங்கும் வழியில் உயிரிழந்தார். சேலா சிப்பாய்கள் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அவர்களைத் தோற்கடித்தது அந்த இரவின் தொலைபேசி.

போர் முடிந்ததும் விசாரணை நடந்தது. லெஃப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் விக்டோரியா கிராஸ் பெற்ற பிரிகேடியர் பகத்தும் 1963-இல் அறிக்கை கொடுத்தார்கள். அரசு இன்றுவரை அதை வெளியிடவில்லை. 2010-இல் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில், அதிலுள்ள விஷயங்களுக்கு இன்றும் ராணுவ மதிப்பு இருப்பதால் வெளியிட முடியாது என்றார். ஆட்சி மாறியது, பதில் மாறவில்லை. 2014-இல் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் தன்னிடமிருந்த பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். சேலாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களில் எத்தனை பேர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள்! அவர்களுக்குச் சேர வேண்டிய விவரம் ஒரு வெளிநாட்டவர் கையிலிருந்து வந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

மறைத்து வைத்தால் யாருக்கு நஷ்டம் என்பதைத் திறந்து வைத்தவர்களிடம் பார்க்கலாம்.

1994 ஏப்ரல் 14. வடக்கு ஈராக்கில் குர்து மக்களைக் காக்க, பறக்கத் தடை விதிக்கப்பட்ட வான்பகுதியை அமெரிக்கா காவல் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலையில் இரண்டு அமெரிக்க எஃப்-15 போர்விமானங்கள் இரண்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். அமெரிக்கர், பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், துருக்கியர், குர்துகள். வெயில் காயும் பட்டப்பகல். மேலே ‘அவாக்ஸ்’ கண்காணிப்பு விமானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தும் நடந்தது.

எப்படி என்று உலகத்துக்குத் தெரியும், ஏனென்றால் மூன்றே மாதத்தில் விசாரணை விவரங்களை அமெரிக்கப் பாதுகாப்புத்துறை வெளியிட்டது. ஹெலிகாப்டர்களில் ஐ.எஃப்.எஃப். இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் துருக்கிக்குள் பறப்பதற்கான குறியீடு அதில் இருந்தது. ஈராக்குக்குள் நுழைந்ததும் வேறு குறியீட்டுக்கு மாற வேண்டும் என்று ஹெலிகாப்டர் ஓட்டிய ராணுவத்தாருக்கு யாரும் சொல்லவில்லை. போர்விமானிகள் ஓர் அலைவரிசையில் பேசினார்கள், ஹெலிகாப்டர்கள் வேறோர் அலைவரிசையிலேயே நின்றன. அன்று அந்த வான்பகுதிக்குள் முதலில் நுழைவது நாம்தான் என்று போர்விமானிகள் நம்பினார்கள். அவர்கள் கையிலிருந்த அட்டவணையில் ஹெலிகாப்டர்கள் இல்லை. அவாக்ஸில் இருந்தவர்களுக்கு ஹெலிகாப்டர்கள் நம்முடையவை என்று முன்பே தெரிந்திருந்தும் சுடும் நேரத்தில் யாரும் குறுக்கே வாய்திறக்கவில்லை. பக்கவாட்டில் எரிபொருள் தொட்டிகள் மாட்டியிருந்ததால், கண்ணால் பார்த்த விமானிக்கு அவை ஈராக்கின் ரஷ்யத் தயாரிப்பு ஹெலிகாப்டர்கள் போலத் தெரிந்தன. ராணுவத்தின் ஹெலிகாப்டரும் விமானப்படையின் போர்விமானமும் ஒரே தலைமையின் கீழ், ஒரே வானில், இரண்டு தனி உலகங்களாகப் பறந்திருக்கின்றன.

தண்டனை விஷயத்தில் அமெரிக்காவும் நிறைவாக நடந்துகொள்ளவில்லை. அவாக்ஸில் இருந்த ஒரே ஓர் அதிகாரியைத்தான் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 1995-இல் அவர் விடுதலையானார். ஆனால் விவரம் வெளியே இருந்ததால் அதை வைத்து மற்றவர்கள் வேலை செய்தார்கள். அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஸ்காட் ஸ்னூக் அதைப் பற்றி முழு நூலே எழுதினார். விமானப் பாதுகாப்பு பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அந்த நிகழ்ச்சியைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் பட்காம் நடந்தது அதற்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து. அதிலும் ஐ.எஃப்.எஃப்., அதிலும் ஹெலிகாப்டர், அதிலும் சொந்த ஆளைப் பற்றிச் சொந்த ஆளுக்குத் தெரியாமை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் இளம் அதிகாரிகள் படிக்க வேண்டாமா? ஒன்று கையில் இருக்கிறது, மற்றது அலமாரிக்குள் இருக்கிறது.

போரில்லாத காலத்து உதாரணமும் உண்டு. 2018 ஜனவரி 13 காலை ஹவாய் தீவு மக்களின் செல்பேசிகளில், ஏவுகணை வருகிறது, ஒதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று அரசின் எச்சரிக்கை வந்தது. ஒத்திகைதான் அது. இரவு ஷிஃப்ட் முடிந்து பகல் ஷிஃப்ட் ஏறும் நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் இரவு மேற்பார்வையாளர் ஒத்திகை நடத்தியிருக்கிறார். அது இரவுக்காரர்களுக்கான ஒத்திகை என்று பகல் மேற்பார்வையாளர் நினைத்திருக்கிறார். கேட்டவர்களில் ஒருவர் உண்மை என்று நம்பிப் பொத்தானை அழுத்திவிட்டார். தவறு என்று செல்பேசிகளுக்குத் திருத்தம் போக 38 நிமிடம் ஆனது. அப்படி ஒரு திருத்தச் செய்தியை அவர்கள் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கவில்லை. இவ்வளவு நுணுக்கமும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜனவரி முடிவதற்குள் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் முதல்கட்ட விவரத்தைப் பொதுவில் வைத்துவிட்டது.

நம்மால் முடியாத காரியமும் இல்லை இது. கார்கில் போர் முடிந்த கையோடு 1999 ஜூலை இறுதியில் கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக்குழு அமைந்தது. திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். ஊடுருவல் பற்றிய துண்டுத் துண்டுத் தகவல்கள் ஒவ்வொரு உளவு அமைப்பிடமும் தனித்தனியே கிடந்தன, அவற்றை ஒன்றாகக் கோத்துப் பார்க்க ஏற்பாடில்லை என்று அவருடைய குழு எழுதியது. 2000 பிப்ரவரியில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்பு கருதிச் சில பகுதிகளை நீக்கிவிட்டு மற்றதைப் புத்தகமாகவே போட்டார்கள். அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு அமர்ந்தது. முப்படைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு உளவு முகமை வந்தது. முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவிக்கான பரிந்துரையும் அந்த வழியில் வந்தது, 2020-இல் நிறைவேறியது. குறைகள் இருக்கலாம். ஆனால் ஓர் அறிக்கை வெளியே வந்ததால் நாடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பாருங்கள். சுப்ரமணியத்தின் குழு எழுதியதை வெளியிட்டதால் எந்தக் கணவாயை நாம் இழந்தோம்?

எதிரிக்கு ரகசியம் போய்விடும் என்கிறார்கள். அலைவரிசை, குறியீடு, ஏவுகணையின் எட்டும் தூரம், ஆட்களின் பெயர்கள் இவற்றை மறைக்கட்டும். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், நானே முதலில் மறைக்கச் சொல்வேன். யார் யாரிடம் என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பது ராணுவ ரகசியம் ஆகாது. எதிரிக்கு அதில் ஆயுதம் எதுவும் கிடைக்காது. நம் அடுத்த ஷிஃப்டுக்காரனுக்குத்தான் எச்சரிக்கை கிடைக்கும். படையின் மனவுறுதி குலையும் என்றும் சொல்கிறார்கள். படைவீட்டில் வாழ்ந்தவன் சொல்கிறேன், மனவுறுதியைக் குலைப்பது வதந்தி. கேண்டீனில் ஒருவன் ஒரு கதை சொல்வான், லங்கரில் இன்னொருவன் வேறு கதை சொல்வான். மேலதிகாரியைக் காப்பாற்றக் கீழே இருப்பவனைப் பலியிட்டார்கள் என்ற பேச்சு ஒருமுறை பரவிவிட்டால் எந்தச் சுற்றறிக்கையாலும் அதைத் துடைக்க முடியாது. பட்காம் வழக்கில் அப்படி நடந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்ல ஆதாரம் இல்லை. அறிக்கை வந்தால்தான் அந்த அதிகாரிக்கும் நியாயம், அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் நியாயம்.

2022 மார்ச் 9ஆம் தேதி நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானில் மியான் சன்னூ அருகே விழுந்தது. இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே நடந்த காரியம். நம் அரசு இரண்டு நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் நீக்கப்பட்டார்கள். நிலையான நடைமுறையிலிருந்து விலகிவிட்டார்கள் என்று ஒரு வரி விளக்கம் வந்தது. எந்த நடைமுறை, ஏன் விலகினார்கள், தடுக்க வேண்டியவர் எங்கே இருந்தார் என்பதற்கு வெளியிடப்பட்ட அறிக்கை இல்லை. பட்காமுக்கும் இதற்கும் மூன்றே ஆண்டு இடைவெளி.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் நல்ல கொள்கை ஒன்றை அறிவித்தது. போர் வரலாறுகளை ஐந்தாண்டுக்குள் தொகுக்க வேண்டும், ஆவணங்களைச் சாதாரணமாக இருபத்தைந்து ஆண்டில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும், அதைவிடப் பழையவற்றை வல்லுநர்கள் பார்த்துத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கணக்கின்படி பார்த்தாலும் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை எப்போதோ காப்பகத்தில் இருந்திருக்க வேண்டும். அதை இந்த ஆண்டே அனுப்பலாம்.

பட்காமுக்கு இருபத்தைந்து ஆண்டு காத்திருக்கக் கூடாது. மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு முதல் பிரதியை ஆறு விமானப்படைக் குடும்பங்களுக்கும் கரேந்த் கலானில் இறந்தவரின் குடும்பத்துக்கும் கொடுங்கள், அவரவர் மொழியில். அடுத்த பிரதி நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத்துறை நிலைக்குழுவுக்குப் போகட்டும். தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்குப் போயிருக்கும் உறுப்பினர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவர் எழுந்து, அந்த அறிக்கை எந்தத் தேதியில் அவைக்கு வரும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் மறுபடி கேளுங்கள்.